ரவுட்டரின் 4 எம்பி: எழுதுவதற்கு முன் படித்து வையுங்கள்

பரணில் கிடக்கும் பழைய ரவுட்டர் ஒன்றை எடுத்து, அடிப்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி, மூடியைத் திறந்து பாருங்கள். போர்டின் நடுவில் பெரிதாக ஒரு சதுர சிப் இருக்கும். அது ப்ராசஸர். பக்கத்தில் நீளவாக்கில் இருப்பது ரேம். அந்த இரண்டையும் விட்டுவிட்டு போர்டில் வேறு எங்காவது பக்கத்துக்கு நான்காக எட்டுக் கால்களோடு ஒரு சின்னக் கறுப்புச் சிப் இருக்கிறதா என்று தேடுங்கள். சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னதாக இருக்கும். அதுதான் ஃபிளாஷ். கரண்ட் போனாலும் மறக்காத நினைவகம். லினக்ஸ் கெர்னல், நீங்கள் பிரவுசரில் திறக்கும் செட்டிங்ஸ் பக்கம், வைஃபை பாஸ்வேர்டு என்று எல்லாமே அதற்குள்தான் இருக்கிறது. பழைய மலிவு ரவுட்டர்களில் அதன் கொள்ளளவு 4 எம்பி. இன்றைய ஃபோனில் எடுக்கும் ஒரு போட்டோ அளவுதான்.

இந்தச் சிப்பில் இருப்பதை எப்படி மாற்றுவது, மாற்றும்போது எது உடையும், ஏன் உடையும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். லினக்ஸ் கட்டளை வரியில் கொஞ்சம் பழக்கம் இருந்தால் போதும், புரியும். விளக்குவதற்கு வசதியாக எங்கும் கிடைக்கிற ஒரு மாடலை எடுத்துக்கொள்கிறேன்: டிபி-லிங்க் டபிள்யூஆர்841என். இதன் 4 எம்பி பதிப்புகள் பல வருடம் விற்றவை. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும், கற்றுக்கொள்ள ஏற்றது.

கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்கில் எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்று டிஸ்கிலேயே ஓர் அட்டவணை இருக்கும். இந்த மாதிரி ஃபிளாஷில் பெரும்பாலும் அப்படி எதுவும் கிடையாது. வேலி போடாத மனைப்பிரிவு மாதிரி. எது யாருடைய மனை என்பது கெர்னலுக்குத்தான் தெரியும், சிப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. ரவுட்டருக்குள் லாகின் செய்ய முடிந்தால், ப்ராக் கோப்பகத்தில் எம்டிடி என்ற கோப்பைப் படித்தால் அந்தப் பிரிவினை வரிசையாக வரும். மேலே சொன்ன மாடலில் கம்பெனி ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டரோடு வரும் மென்பொருள், பிரித்து வைத்திருப்பது இப்படி. முதல் 128 கேபி பூட்லோடர். யூ-பூட் என்பது அதன் பெயர், கரண்ட் வந்ததும் முதலில் ஓடுவது அதுதான். அடுத்த 1,024 கேபி கெர்னல். அதற்கடுத்த 2,816 கேபி ரூட் ஃபைல் சிஸ்டம், அதாவது நிரல்களும் வலைப்பக்கங்களும் இருக்கும் இடம். பிறகு 64 கேபி உங்கள் செட்டிங்ஸுக்கு. கடைசி 64 கேபிக்கு ஏஆர்டி என்று பெயர். கூட்டிப் பாருங்கள், சரியாக 4,096 கேபி வரும். ஒரு பைட் கூட மிச்சமில்லை.

இதில் கெர்னலும் ரூட் ஃபைல் சிஸ்டமும் போனால் கவலையில்லை. கம்பெனி வலைத்தளத்தில் இருந்து மறுபடி இறக்கிக்கொள்ளலாம். செட்டிங்ஸ் போனால் மறுபடி நிரப்பலாம். ஆனால் அந்தக் கடைசி 64 கேபி வேறு ரகம். தொழிற்சாலையில் ஒவ்வொரு போர்டையும் தனித்தனியாக அளந்து, அதன் வைஃபை ரேடியோ எந்தச் சேனலில் எவ்வளவு சக்தியோடு பேச வேண்டும் என்ற திருத்த எண்களை அதில் எழுதி அனுப்புகிறார்கள். ஒரே மாடல், ஒரே நாளில் செய்தது என்றாலும் இரண்டு போர்டின் எண்கள் ஒன்றாக இருக்காது, ஏனென்றால் அதில் ஏறிய உதிரிப்பாகங்கள் அச்சு அசலாக ஒன்றில்லை. அதேபோல மேக் முகவரி, நெட்வொர்க்கில் அந்த ரவுட்டரை அடையாளம் காட்டும் எண். அது இந்த மாடலில் பூட்லோடரின் 128 கேபிக்குள்ளேயே, அதன் கடைசி 1 கேபியின் தொடக்கத்தில் ஆறு பைட்டாக உட்கார்ந்திருக்கிறது. இந்த இரண்டும் அந்த ஒரு ரவுட்டருக்கு மட்டுமே உரியவை. மேக் முகவரியாவது அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும், திருத்த எண்கள் அந்த ஒரு சிப்பில் மட்டும்தான். எந்த வலைத்தளத்திலும் கிடைக்காது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முதலில் கையில் எடுத்தது ஒரு பழைய ரவுட்டர், மேலே சொன்ன மாடல் அல்ல. பூட் ஆகாமல் நின்றுவிட்டது. இணையத்தில் அதே மாடலின் முழுச் சிப் நகல் கிடைத்ததும், யோசிக்காமல் என் சிப்பை முழுவதும் அழித்துவிட்டு அதை எழுதினேன். உயிர் வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம்தான் கவனித்தேன், வைஃபை பக்கத்து அறையிலேயே தடுமாறியது. மேக் முகவரியைப் பார்த்தால் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருப்பது அல்ல, யாரோ ஒருவருடைய ரவுட்டருடையது. மேக் முகவரியை ஸ்டிக்கரைப் பார்த்துத் திருத்திவிட்டேன். ஆனால் திருத்த எண்களை எங்கே போய்த் தேடுவது? அழிப்பதற்கு முன் இரண்டு நிமிடம் செலவழித்துப் படித்து வைத்திருந்தால் அந்த 64 கேபி என்னிடம் இருந்திருக்கும். அந்த ரவுட்டர் இப்போது வைஃபை அணைக்கப்பட்டு, வெறும் கேபிள் சுவிட்சாக வேலை செய்கிறது.

வெள்ளையடித்த சுவர்

ஃபிளாஷ் எப்படி எழுதுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சுவர் விளம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையடித்த சுவரில் எந்த மூலையிலும் எழுதலாம். ஆனால் எழுதியதில் ஒரே ஓர் எழுத்தை மட்டும் துடைக்க முடியாது. அந்தப் பகுதி முழுவதையும் மறுபடி வெள்ளையடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

ஃபிளாஷிலும் அதே கதை. அழித்த சிப்பில் எல்லாப் பிட்டும் 1. எழுதுவது என்றால் வேண்டிய இடங்களில் 1-ஐ 0 ஆக்குவது, அவ்வளவுதான். 0-வை மறுபடி 1 ஆக்க வேண்டுமென்றால் தனியாக ஒரு பிட்டை ஆக்க முடியாது. ஒரு பிளாக் முழுவதையும் அழிக்க வேண்டும். இந்த வகைச் சிப்களில் ஒரு பிளாக் என்பது வழக்கமாக 64 கேபி. மேலே எல்லாப் பிரிவுகளும் 64-இன் மடங்காக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே ஒரு பைட்டை மாற்ற வேண்டுமானால், அந்த 64 கேபியை ரேமுக்கு எடுத்து, அங்கே திருத்தி, சிப்பில் பிளாக்கை அழித்து, திருத்தியதை மறுபடி எழுத வேண்டும். அழித்த பிறகு, எழுதுவதற்கு முன், கரண்ட் போனால்? பிளாக் காலி. அது செட்டிங்ஸ் பிளாக்காக இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். பூட்லோடர் பிளாக்காக இருந்தால் அடுத்த முறை ப்ராசஸர் விழித்ததும் படிப்பதற்கு எதுவுமே இருக்காது. இதைத்தான் பிரிக் ஆகிவிட்டது என்கிறார்கள், பெட்டி வெறும் செங்கல். ஃபர்ம்வேர் அப்டேட் ஆகும்போது கரண்டைத் துண்டிக்காதீர்கள் என்று சிவப்பு எழுத்தில் போடுவது சும்மா பயமுறுத்துவதற்காக அல்ல.

அப்புறம், சுவருக்கும் ஆயுள் உண்டு. பொதுவான ஃபிளாஷ் சிப்பின் டேட்டாஷீட்டில் ஒரு பிளாக்கை 1,00,000 தடவை அழித்து எழுதலாம் என்று போட்டிருப்பார்கள். நாமே கையால் எழுதினால் அந்த எண்ணைத் தொடவே முடியாது. ஆனால் நிமிடத்துக்கு ஒரு தடவை லாக் எழுதும் ஸ்கிரிப்ட் ஒன்றைப் போட்டு, அது ஒவ்வொரு தடவையும் ஒரே பிளாக்கை அழித்து எழுதினால் 70 நாளில் தொட்டுவிடலாம். லாக் எல்லாம் ரேமில் இருக்கட்டும்.

எழுத முடியாத கோப்புகள்

டெல்நெட் வழியாக உள்ளே நுழைந்து ஒரு கோப்பைத் திருத்தப் போனால், 'ரீட் ஒன்லி' என்று முகத்தில் அடித்த மாதிரி பதில் வரும். அல்லது திருத்தம் ஏற்கப்படும், ரீபூட் செய்ததும் காணாமல் போய்விடும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவிப்பது இங்கேதான். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

ரூட் ஃபைல் சிஸ்டம் இருக்கும் 2,816 கேபி பெரும்பாலும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற வடிவத்தில் இருக்கும். எல்லாக் கோப்புகளையும் நன்றாகச் சுருக்கி, இடைவெளி இல்லாமல் அடுக்கிக் கட்டிய பொட்டலம் அது. நடுவில் ஒரு கோப்பு பெரிதானால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே நகர வேண்டும். அதனால் உள்ளே எழுதுவதற்கே வழி வைக்கவில்லை. மாற்ற வேண்டுமென்றால் பொட்டலத்தைப் பிரித்து, திருத்தி, மறுபடி கட்ட வேண்டும். தற்காலிகக் கோப்புகளுக்காக ரேமில் ஒரு சின்ன இடம் ஒதுக்கியிருப்பார்கள். நீங்கள் எழுதியது அங்கே போயிருந்தால் ரீபூட்டோடு அது மறைந்துவிடும்.

ரவுட்டர்களுக்கான இலவச லினக்ஸ் ஃபர்ம்வேரான ஓப்பன்டபிள்யூஆர்டி இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. கீழே ஸ்குவாஷ்எஃப்எஸ், தொட முடியாதது. அதற்குப் பின்னால் ஃபிளாஷில் மிஞ்சிய இடத்தில் ஜேஎஃப்எஃப்எஸ்2 என்ற எழுதக்கூடிய அடுக்கு. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள் மாதிரி வைத்துக் காட்டுகிறது கெர்னல். ஒரு கோப்பைத் திருத்தினால் அதன் நகல் மேல் அடுக்குக்கு வருகிறது, திருத்தம் அந்த நகலில் நடக்கிறது. படிக்கும்போது மேல் அடுக்கில் இருந்தால் அது, இல்லாவிட்டால் கீழே இருப்பது. கீழே உள்ள ஒரு கோப்பை அழித்தால், உண்மையில் மேலே 'இது இல்லை' என்று ஒரு குறி மட்டும் விழுகிறது. ஃபர்ம்வேரோடு வந்த பேக்கேஜ் ஒன்றை நீக்கினால் இடம் கூடாமல் குறைவது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். எல்லாம் கெட்டுப்போனாலும் மேல் அடுக்கை மட்டும் துடைத்துவிட்டால் போதும், முதல் நாள் நிலைக்கு வந்துவிடும்.

இப்படி ஒரு திட்டம் வந்ததற்கே ஒரு ரவுட்டர்தான் காரணம். 2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரை வெளியிட்டது. அதில் லினக்ஸ் ஓடுகிறது, ஜிபிஎல் உரிமத்தின்படி தர வேண்டிய மூலநிரலைத் தரவில்லை என்பதை 2003-இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்துக் கேட்டார்கள். அதற்குள் லிங்க்சிஸை சிஸ்கோ வாங்கியிருந்தது. கடைசியில் மூலநிரல் வெளியே வந்தது. அதன் மேல் கட்டப்பட்டதுதான் 2004-இல் தொடங்கிய ஓப்பன்டபிள்யூஆர்டி, பெயரிலேயே அந்த மாடலின் எழுத்துகள் இருக்கின்றன. ஐந்தாம் பதிப்பில் ஃபிளாஷைப் பாதியாகக் குறைத்து, லினக்ஸை எடுத்துவிட்டு வேறு இயங்குதளம் வைத்தார்கள். மக்கள் கேட்டதால் லினக்ஸ் உள்ள பழைய வடிவத்தை எல் என்ற எழுத்தைச் சேர்த்துத் தனியாக விற்க வேண்டி வந்தது.

வாசல்கள்

சிப்பில் எழுத மூன்று வாசல் உண்டு. செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கும் அப்கிரேட் பட்டன் முதல் வாசல். அதன் வழியாகப் போவது கெர்னலும் ரூட் ஃபைல் சிஸ்டமும்தான், ஏஆர்டியைத் தொடாது. எப்போதும் இதையே முதலில் முயலுங்கள்.

பூட்லோடர் இரண்டாவது வாசல். நம் மாடலின் பல பதிப்புகளில் ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால், பூட்லோடர் 192.168.0.66 என்ற முகவரியில் ஒரு டிஎஃப்டிபி சர்வரை, அதாவது கோப்புகளை எளிமையாக அனுப்பித் தரும் நிரலை, தேடும். உங்கள் கம்ப்யூட்டருக்கு அந்த முகவரியைக் கொடுத்து, அது கேட்கும் பெயரில் ஃபர்ம்வேரை வைத்தால் தானே எடுத்து எழுதிக்கொள்ளும். பட்டன் வசதி இல்லாத ரவுட்டர்களில் போர்டில் சீரியல் போர்ட்டுக்கான நான்கு புள்ளிகளைத் தேட வேண்டும். வேகம் பெரும்பாலும் 115200. யூஎஸ்பி சீரியல் அடாப்டர் 3.3 வோல்ட் வகையாக இருக்கட்டும். கிரவுண்ட், அனுப்பும் கால், வாங்கும் கால் மூன்றை மட்டும் இணையுங்கள். நான்காவதான பவர் காலை விட்டுவிடுங்கள், ரவுட்டருக்குச் சொந்த அடாப்டர் இருக்கிறது.

மூன்றாவது, நேராகச் சிப்பையே பிடிப்பது. பூட்லோடரும் செத்துவிட்டால் இது ஒன்றுதான் வழி. சாமர்த்தியமாகச் செய்தால் நகல் எடுக்கவும் இதுவே நல்ல வழி. எட்டுக் கால் சிப்பைக் கவ்வும் ஒரு கிளிப், சிஎச்341ஏ என்ற மலிவான புரோகிராமர், கம்ப்யூட்டரில் ஃபிளாஷ்ராம் (flashrom) என்ற நிரல், இவ்வளவு போதும். ரவுட்டரின் அடாப்டரை முதலில் பிடுங்கிவிடுங்கள். சிப்பின் ஒரு மூலையில் சின்னக் குழி இருக்கும். அதுதான் ஒன்றாவது கால். கிளிப்பின் சிவப்பு வயர் அந்தக் காலின் மேல் வர வேண்டும். மாறிப்போனால் சிப்புக்குப் பவர் தவறான காலில் பாயும்.

இங்கே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். கறுப்பு போர்டில் வரும் பல சிஎச்341ஏ-க்கள் சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் டேட்டா வயர்களில் 5 வோல்ட் அனுப்புகின்றன. 3.3 வோல்ட் சிப்புக்கு அது நல்லதல்ல. வாங்கியதும் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள், அல்லது வோல்டேஜ் மாற்றும் வசதியுள்ள பதிப்பை வாங்குங்கள். 1.8 வோல்ட் சிப்பாக இருந்தால் அதற்கென்று தனி அடாப்டர் இல்லாமல் தொடவே கூடாது.

கிளிப் சரியாகக் கவ்வியதும் நிரல் சிப்பின் பெயரைச் சொல்லும், உதாரணமாக வின்பாண்ட் டபிள்யூ25க்யூ32. 32 என்பது மெகாபிட். எட்டால் வகுத்தால் 4 எம்பி. ஒரு முறை படித்துச் சேமியுங்கள். கிளிப்பை எடுத்துவிட்டு மறுபடி மாட்டி, இன்னொரு பெயரில் இன்னொரு முறை படியுங்கள். இரண்டு கோப்பின் எம்டி5-ஐ, அதாவது கோப்பின் உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிடும் அடையாள எண்ணை, ஒப்பிடுங்கள். ஒன்றாக இல்லையென்றால் அந்த நகலை நம்பாதீர்கள். கிளிப் சரியாகப் படியாமல் இருக்கலாம். கிளிப் வழியாகப் போகும் பவர் கசிந்து ப்ராசஸரும் அரைத் தூக்கத்தில் எழுந்து அதே சிப்போடு பேச முயலலாம். அது அடங்கவே இல்லையென்றால் சிப்பைச் சால்டரில் இருந்து எடுத்துத்தான் படிக்க வேண்டும்.

ஒரு வரியை மாற்றுவது

கம்பெனி ஃபர்ம்வேரையே வைத்துக்கொண்டு, பூட் ஆகும்போது ஓடும் ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பின்வாக் என்ற கருவியிடம் நகலைக் கொடுத்தால் எது எங்கே தொடங்குகிறது என்று சொல்லும். மந்திரம் இல்லை, ஒவ்வொரு வடிவத்துக்கும் தொடக்கத்தில் அடையாள பைட்கள் உண்டு. யூ-பூட் கெர்னல் பொதி 27 05 19 56 என்று தொடங்கும். நம் 4 எம்பி நகலில் ரூட் ஃபைல் சிஸ்டத்தை 128-உம் 1,024-உம் கூட்டிய 1,152-ஆம் கேபியில் தேட வேண்டும்.

அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் பிரியுங்கள். வழக்கமான கருவி பிரிக்க மறுத்தால் சாஸ்க்வாட்ச் என்ற கருவியை முயலுங்கள். சில கம்பெனிகள் சுருக்கும் முறையைத் தங்களுக்கு ஏற்றபடி திருத்தியிருப்பதால் அதற்கென்றே எழுதப்பட்டது அது. பிரிக்கும்போது ரூட் உரிமையில் செய்யுங்கள். இல்லாவிட்டால் டிவைஸ் கோப்புகளும் உரிமையாளர் விவரங்களும் விட்டுப்போகும், மறுபடி கட்டியதும் பூட் பாதியில் நிற்கும். வரியைச் சேர்த்த பிறகு அதே சுருக்கும் முறை, அதே பிளாக் அளவில் கட்டுங்கள். முன்பு இருந்ததில் இந்த இரண்டும் என்ன என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கட்டியது 2,816 கேபிக்குள் அடங்க வேண்டும். கம்பெனியே அந்த இடத்தைக் கிட்டத்தட்ட நிரப்பி வைத்திருந்தால் ஒன்றைச் சேர்க்க இன்னொன்றை எடுக்க வேண்டும். அச்சுப்பொறி சர்வர், தேவையில்லாத மொழிப் பக்கங்கள் மாதிரி ஏதாவது. அளவு குறைந்தால் மிச்ச இடத்தை எஃப்எஃப் பைட்டால் (எட்டுப் பிட்டும் 1) நிரப்புங்கள், வெள்ளையடித்த சுவர் எஃப்எஃப் என்றுதான் தெரியும்.

கிளிப் வழியாக எழுதினால் வேலை இதோடு முடியலாம். அப்கிரேட் பட்டன் வழியாகப் போவதென்றால் கோப்பின் தலைப்பகுதியில் உள்ள எம்டி5 செக்சம்மையும் மறுபடி கணக்கிட்டுப் போட வேண்டும். இந்த மாடலின் பழைய பதிப்புகளில் அது வெறும் செக்சம். தலைப்பை உருவாக்கும் கருவி ஓப்பன்டபிள்யூஆர்டியிலேயே இருக்கிறது. புதிய சாதனங்கள் பலவற்றில் டிஜிட்டல் கையொப்பம் வந்துவிட்டது. செக்சம் என்பது கோப்பு வழியில் சிதையவில்லை என்று மட்டும் சொல்வது, யாரும் கணக்கிடலாம். கையொப்பத்தைக் கம்பெனியின் ரகசிய எண் இல்லாமல் உருவாக்க முடியாது. பூட்லோடரும் அதைச் சரிபார்த்தால், கிளிப்பால் எழுதினாலும் பூட் ஆகாது.

இந்தப் பூட்டை நான் ஏற்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய பெட்டி, கம்பெனி அப்டேட்டை நிறுத்தியதும் குப்பைக்குப் போக வேண்டும் என்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2016-இல் டிபி-லிங்க்கோடு செய்துகொண்ட உடன்பாட்டில், அனுமதித்த அளவுக்கு மேல் ரேடியோ சக்தியை ஏற்ற இடம் கொடுத்ததற்காக 2,00,000 டாலர் அபராதம் விதித்தது. கூடவே, மற்றவர்கள் எழுதும் ஃபர்ம்வேரை ரவுட்டர்களில் அனுமதிக்க வழி செய்வதாகவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. ரேடியோவுக்குக் கட்டுப்பாடு வேண்டும், சரிதான். அதற்காக முழுச் சிப்பையும் பூட்டத் தேவையில்லை என்பது அங்கேயே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது.

இவ்வளவும் எட்டுக் கால் நார் (NOR) வகை ஃபிளாஷ் சிப்புக்கு. 128 எம்பி போன்ற பெரிய சிப் வைத்த ரவுட்டர்களில் நாண்ட் (NAND) என்ற வேறு வகை இருக்கும். அதில் சில பிளாக்குகள் பிறக்கும்போதே கெட்டவையாக இருப்பது சகஜம், அதனால் ஒன்றில் எடுத்த நகலை இன்னொன்றில் அப்படியே கொட்ட முடியாது. முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

முதல் நாளில் எதையும் எழுதவே வேண்டாம் என்பேன். இரண்டு முறை படித்து, எம்டி5 பொருந்தியதும், அந்தக் கோப்பை பைட்களை அப்படியே காட்டும் ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து 127-ஆம் கேபிக்குப் போங்கள். சுற்றிலும் எஃப்எஃப், எஃப்எஃப் என்று ஓடும் வரிகளுக்கு நடுவில் ஆறு பைட் மட்டும் தனியாக நிற்கும். ரவுட்டரைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மேக் முகவரியைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நகலுக்கு அந்த முகவரியையே பெயராக வைத்து, வேறு இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். அதன் பிறகு சிப்பை அழிக்கலாம்.